நாலு நாளில் நாலு ஊர் வேண்டாம்: ஒன்றரை வயசுக் குழந்தையோடு மே மாதப் பயணம்

கேள்வி: நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு பனியன் கம்பெனியில் வேலை. மே மாதத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாள்தான் லீவு கிடைக்கும். பையனுக்கு 1 வருஷம் 7 மாசம். முதல் நாள் ஊட்டி, மறுநாள் இறங்கிக் கொடிவேரி அணை, மூன்றாம் நாள் பழனியில் மொட்டை, நாலாம் நாள் வால்பாறை போய்விட்டு வீடு திரும்பலாம் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். மூணு வயசு ஆகாமல் மலையேற்றக் கூடாது, சீர் தட்டிவிடும் என்று அத்தை பிடிவாதமாகச் சொல்கிறார். போன தடவை ஏற்காடு போனபோது பையன் வழி முழுக்க வாந்தி எடுத்தான். பக்கத்து வீட்டு அக்கா, கிளம்பும்போது ஒரு மூடி சளி மருந்து கொடுத்தால் தூங்கிவிடுவான் என்கிறார். கொடுக்கலாமா? போகலாமா, வேண்டாமா? அம்மா வீடு கோபியில் (கோபிசெட்டிபாளையம்) இருக்கிறது. இந்த வயசில் கூட்டிக்கொண்டு போனால் அவனுக்கு ஏதாவது ஞாபகம் இருக்குமா?
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அம்மிணி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தச் சளி மருந்தை எடுத்துப் பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தூங்க வைப்பதற்காக எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம். இப்படி வீட்டுக்கு வீடு கைமாறும் பாட்டில்களில் பெரும்பாலும் புரோமெத்தசின், குளோர்பெனிரமின் மாதிரி தூக்கம் வரவைக்கும் மருந்து ஏதாவது இருக்கும். புரோமெத்தசின் 2 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மூச்சையே மந்தமாக்கிவிடக் கூடியது, அதனால் அந்த வயசில் கொடுக்கவே கூடாது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை 4 வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே போடச் சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவே போட்டது. பின் சீட்டில் தூங்குகிற குழந்தை நன்றாகத்தான் தூங்குகிறான் என்று நீங்கள் முன்னால் பேசிக்கொண்டு போவீர்கள், அவன் மூச்சு எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள், எனக்கு அதுதான் பயம். அந்த அக்காவிடமும் சண்டை போடாமல் இதைச் சொல்லுங்கள், அவர் வீட்டிலும் சின்னக் குழந்தைகள் வந்து போவார்கள் இல்லையா.

சரி, போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். மூணு வயசு வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவத்தில் எதுவும் இல்லை. ஆனால் உங்கள் அத்தை சொல்வதை ஒரே அடியாகத் தள்ளிவிடாதீர்கள். சீர் தட்டுவது என்று அவர் சொல்வது பெரும்பாலும் பேதி போய், கண் குழிந்து, உச்சி பள்ளமாகிக் குழந்தை துவண்டு போவதைத்தான். அவர் பிள்ளை வளர்த்த காலத்தில் வெளியூர்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்த குழந்தைக்கு அப்படி ஆனதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். மலை ஏறியதால் அது வருவதில்லை, தண்ணீராலும் கையாலும் பாத்திரத்தாலும் வருகிறது. அந்த மூன்றையும் நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கு நாலு கை இருந்தால் உங்களுக்கும் ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கும்.

இனி அந்த நாலு நாள் கணக்கு. இதை நான் அப்படியே ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் வீட்டுக்காரருக்குச் சேர்ந்தாற்போல் கிடைப்பதே இந்த நாலு நாள்தான், எல்லாவற்றையும் பையனுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அந்த ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் இந்தக் கணக்கில் பையன் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வண்டியிலேயே போய்விடும். ஒன்றரை வயசுக் குழந்தைக்கு ஒரு நாளில் நல்ல மூடில் இருக்கும் நேரம் இரண்டு துண்டுதான், காலையில் எழுந்ததிலிருந்து ஒரு பத்தரை, பதினொன்று வரை, அப்புறம் மத்தியானம் தூங்கி எழுந்து சாயங்காலம் நாலரைக்கு மேல் இருட்டும் வரை. நடுவில் இருப்பது சாப்பாடும் தூக்கமும். நம் ஊர்ப் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற வெயிலும் அந்த நடு நேரத்தில்தான் அடிக்கிறது. எந்த ஊர் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் இந்த இரண்டு துண்டு நேரத்தைக் காலியாக வையுங்கள். அதில் வண்டி ஓட்டினீர்கள் என்றால் சுற்றிப் பார்ப்பதற்கு மிஞ்சுவது அழுகிற நேரம் மட்டும்தான்.

வால்பாறையை அடித்துவிடுங்கள். ஆழியாறு தாண்டி மேலே போக 40 கொண்டை ஊசி வளைவு, அன்றைக்கே திரும்பி வர இன்னொரு 40. ஏற்காட்டுக்கு இருப்பதே 20தான், அதற்கே வாந்தி எடுத்தவன். வால்பாறை இரண்டு ராத்திரி தங்கி நிதானமாகப் பார்க்க வேண்டிய ஊர், அவன் இன்னும் கொஞ்சம் வளரட்டும். போகும் காலத்தில் ஒன்று மட்டும் மறக்காதீர்கள், அங்கே எஸ்டேட் பகுதிகளில் சிறுத்தை சின்னக் குழந்தைகளைத் தாக்கிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன, பொழுது சாய்ந்த பிறகு குழந்தையை வாசலில் விளையாட விடவே கூடாது.

ஊட்டியையும் இந்த மே மாதம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டியிருக்கிறது. 2025 சீசனில் வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பே வைத்தது. அத்தனை வண்டியும் ஏறுவது இரண்டு மூன்று மலைப்பாதையில். மலர்க் கண்காட்சி சமயத்தில் வண்டி நகராமல் நிற்கும் நேரத்தை நம்மால் கணக்கிடவே முடியாது, அந்த நேரத்தில் டயப்பர் மாற்றவும் இடமிருக்காது. அவர் மலைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் பழனியையும் கோபியையும் விட்டுவிட்டு, குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி தங்குங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு காலைப்பொழுது போதும் அவனுக்கு. மலை ரயிலில் ஏற்ற வேண்டும் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து முழுசாகப் போகாதீர்கள், 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும், அந்தப் பெட்டிக்குள் ஒன்றரை வயசுக் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்கும் மட்டும் போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், குகையும் பார்ப்பான், பாலமும் பார்ப்பான். ராத்திரிக் குளிருக்கு அறையில் கரி அடுப்பு மூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூடின அறையில் கரிப்புகை தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும், மலையூர்களில் அப்படி நடந்திருக்கிறது.

என்னைக் கேட்டால் இந்த நாலு நாளுக்கு பழனியும் கோபியும் போதும். பழனியை முதல் நாளே முடித்துவிடுங்கள். விடிகாலை நாலரைக்குத் திருப்பூரில் கிளம்பினால் அவன் பாதி வழி தூங்கிக்கொண்டே வருவான், தாராபுரம் வழியாக விடியும் நேரத்துக்குப் போய்விடலாம். அதற்காக வண்டி ஓட்டுகிறவர் முந்தின நாள் ராத்திரி ஷிப்ட் முடித்த கண்ணோடு ஓட்டக் கூடாது, அன்றைக்கு அவர் ஒன்பது மணிக்கே படுத்தாக வேண்டும். மொட்டை அடிக்கப் போவதற்கு முன்னால் வயிறு நிறைய ஏதாவது கொடுத்துவிடுங்கள், பசியோடு உட்கார வைத்தால் தாய்மாமன் மடியாக இருந்தாலும் அவன் திமிறுவான், திமிறினால் கீறல் விழும். உங்கள் கண் முன்னால் புது பிளேடைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். சந்தனம் வீட்டிலிருந்தே அரைத்தோ வாங்கியோ கொண்டுபோங்கள், கீறல் இருந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பூசுங்கள். மலைக்கு வின்ச்சில் போனாலும் ரோப் காரில் போனாலும் வரிசை இருக்கும், அதனால்தான் சீக்கிரம் போகச் சொல்கிறேன். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் கல் தளம் சுட ஆரம்பித்துவிடும். நமக்குக் காய்த்துப்போன பாதம், அவனுக்கு அப்படி இல்லை. தரையில் இறக்கிவிடாமல் தூக்கிக்கொள்ளுங்கள், அதுவரை முடி மூடியிருந்த தலைக்குப் பருத்தித் தொப்பி போடுங்கள். பதினோரு மணிக்கு வண்டியில் ஏறிவிட வேண்டும், தரிசனம் நன்றாகக் கிடைத்தது, இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்று யார் சொன்னாலும்.

இரண்டாம் நாள் முழுக்க ஓய்வு. சாயங்காலம் வெயில் இறங்கின பிறகு கோபிக்குக் கிளம்புங்கள், அவன் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் இரண்டு ராத்திரி. அங்கே தோட்டத்தில் கன்றுக்குட்டி இருந்தால் அவனுக்கு வேறு ஊரே தேவைப்படாது. ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு அரை மணி நேரம் ஓடுவான், மண்ணை அள்ளிக் கொட்டுவான், கல்லைத் தண்ணீரில் போட்டு டொப் என்று சத்தம் வந்ததும் உங்கள் முகத்தைப் பார்ப்பான், மறுபடி போடுவான். இந்த வயசில் இதுதான் டூர். மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு அப்புறம் சோறு ஊட்டுங்கள், அது ஒன்றுதான் நிபந்தனை.

கொடிவேரிக்கு மூன்றாம் நாள் காலையில், கூட்டம் வருவதற்கு முன்னால் போங்கள், அது வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் விழும் இடத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பாறையில் பாசி படிந்திருக்கும், வழுக்கினால் பெரியவர் விழுந்து எழுந்துகொள்வார், கையிலிருக்கும் குழந்தை தலை அடிபட்டுவிடும். ஓரத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் உட்கார வைத்து, ஒருவர் அவனைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பது போதாது. முழங்கால் கூட மறையாத தண்ணீரில் குப்புற விழுந்த குழந்தை சத்தமே போடாது, எழுந்துகொள்ளவும் தெரியாது. யார் தொட்டுக்கொண்டிருப்பது என்று பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள், பத்துப் பேர் சேர்ந்து போகும்போதுதான் ஆளுக்கு ஆள் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள். பரிசல் இந்த வயசுக்கு வேண்டவே வேண்டாம். அமுச்சி வீட்டுக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது என்றால் வீட்டு வாசல் கதவைச் சாத்தி வைக்கும் பழக்கம் அந்த இரண்டு நாளும் எல்லோருக்கும் வேண்டும்.

வண்டியில் அவன் எங்கே உட்காருகிறான் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் அம்மா மடியில், அதுவும் முன் சீட்டில். தயவுசெய்து அதை இந்தப் பயணத்திலிருந்தே நிறுத்துங்கள். வண்டி சடாரென்று நிற்கும்போது பத்து கிலோக் குழந்தையை எந்தத் தாயின் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது, முன்னால் ஏர்பேக் வெடித்தால் இன்னும் மோசம். பின் சீட்டில் கார் சீட் கட்டி அதில் உட்கார வைப்பதுதான் ஒரே வழி, இந்த வயசில் பின்பக்கம் பார்த்தபடி இருந்தால் கழுத்துக்குப் பாதுகாப்பு அதிகம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலேயே குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கையோ பெல்ட்டோ இல்லையென்றால் 1000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது, ஆனால் நான் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. தெரிந்தவர்களிடம் பழைய சீட் வாங்கினால் விபத்தில் சிக்காததா என்று கேட்டு வாங்குங்கள். முதல் தடவை உட்கார வைத்தால் கத்துவான். அதனால் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே சாயங்காலத்தில் கடைவீதி வரை பத்து நிமிஷம் அதிலேயே கூட்டிப்போய்ப் பழக்குங்கள். வெயிலில் நின்ற வண்டியில் பக்கிளின் இரும்பைத் தொட்டுப் பாருங்கள், தொடையில் பட்டால் கொப்பளிக்கும். டீ குடிக்க இறங்கினாலும் தூங்குகிறானே என்று அவனை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் உள்ளே சூடு சில நிமிஷத்தில் ஏறிவிடும்.

வாந்திக்கு வருகிறேன். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒன்றரை இட்லி, அவ்வளவுதான். பால் குடித்த உடனே ஏற்றாதீர்கள். கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து காற்று வர விடுங்கள், வாசனை ஸ்ப்ரே எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், போன் காட்டாதீர்கள். வளைவில் திரையைப் பார்த்துக்கொண்டு போகிற குழந்தைக்குக் குமட்டல் சீக்கிரம் வரும். மலைப்பாதை என்றால் முக்கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்தி அவனைக் கொஞ்சம் நடக்க விடுங்கள். குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் மாதிரி இடங்களில் நிறுத்தும்போது குரங்கு இருக்கும், கையில் தின்பண்டம் கொடுத்து நிறுத்தாதீர்கள். குரங்கு கீறினால் 15 நிமிஷம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும், சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது. அங்கே விற்கும் ரம்புட்டானைக் கொட்டையோடு அவன் வாயில் வைக்காதீர்கள். நிலக்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன் இதெல்லாமும் 4 வயசு வரை மூச்சுக்குழாயில் போய் அடைக்கக் கூடியவை. நுங்கை நசுக்கிக் கொடுக்கலாம், இளநீர் கொஞ்சம் கொடுக்கலாம். இறங்கும்போது காது அடைத்து அழுவான், அப்போது ஒரு மடக்கு தண்ணீரோ தாய்ப்பாலோ கொடுத்தால் விழுங்கும்போது காது விட்டுவிடும்.

சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்த சோறு குழைய வேகவைத்து, சூடாக ஒரு பிளாஸ்கில் போட்டு எடுத்துக்கொண்டால் மத்தியானம் வரை தாங்கும். சந்தகையும் (இடியாப்பம் மாதிரி) அவனுக்குப் பிடிக்கும் என்றால் சரிதான், தேங்காய் சேர்த்தது சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் காலையிலேயே கொடுத்து முடித்துவிடுங்கள். தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றியது, எவர்சில்வர் பாட்டிலில். ஓட்டலில் இட்லி ஆவி பறக்க வந்தால் கொடுக்கலாம், சட்னியைத் தொட வேண்டாம்.

பையில் மறக்காமல் இருக்க வேண்டியது ஓஆர்எஸ் பொடி. மருந்துக் கடையில் பழ ருசியில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பானத்தை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்களில் அந்தப் பெயரையே போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு, முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டரில் கலக்க வேண்டும். கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கண் அளவில் கலந்தால் உப்புக் கூடிக் கெடுதலாகும். வாந்தி எடுத்தால் ஒரு பத்து நிமிஷம் ஒன்றும் கொடுக்காதீர்கள். அப்புறம் ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டு நிமிஷம் விட்டு இன்னொரு டீஸ்பூன். தாகத்தில் டம்ளரைப் பிடித்து இழுப்பான், கொடுத்துவிட்டால் மொத்தமாகக் குடித்து மொத்தமாக வெளியே எடுப்பான். பன்னிரண்டு ஸ்பூன் போனால் 60 மில்லி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம், அது கையில் ஸ்பூனோடு உட்கார்ந்திருக்கும் பொறுமைக்குக் கிடைக்கும். பேதியானால் ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லி வரை கொடுங்கள், தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கூப்பிட்டால் சரியாகப் பார்க்காமல் துவண்டு கிடக்கிறான், மலத்தில் ரத்தம், இதில் எது வந்தாலும் தொக்கம் எடுக்க (வயிற்றில் சிக்கியதை எடுக்கிறேன் என்பார்கள்), மந்திரிக்க என்று போய் நேரத்தைக் கழிக்காமல் பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108.

காய்ச்சல் மருந்தை வீட்டில் இருக்கும் பாட்டிலையே எடுத்துப் போங்கள். பாராசிட்டமால் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருப்பதும் வருகிறது, 250 இருப்பதும் வருகிறது, சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. வெளியூரில் வேறு பாட்டில் வாங்கி, வழக்கமாகக் கொடுக்கும் அதே மில்லி கொடுத்தால் அளவு இரட்டிப்பாகிவிடலாம். உங்கள் டாக்டரிடம் இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்று கேட்டு அந்தப் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஞாபகம் இருக்குமா என்று கேட்டீர்கள். இந்த நாலு நாள் இன்ன இடம் என்று அவனுக்கு நினைவில் நிற்காது. ஆனால் கன்றுக்குட்டியைத் தொட்டுப் பார்த்தவன் ஒரு வாரத்துக்குள் ‘ம்மா’ என்று சொல்ல ஆரம்பிப்பான், தாய்மாமன் தோளில் ஏறினவன் அடுத்த தடவை அவரைப் பார்த்ததும் கையை நீட்டுவான். நாள் முழுக்க மிஷின் சத்தத்தில் இருக்கும் அவன் அப்பாவுடைய முகம் நாலு நாள் முழுசாக அவனுக்குக் கிடைக்கப் போகிறது. அந்தச் செலவு வீண் இல்லை.

கிளம்பும் முன் ஊசி அட்டையைப் பாருங்கள். 16 மாதத்துக்கு மேல் போடும் பூஸ்டர் முத்தடுப்பு ஊசியும், தட்டம்மை ரூபெல்லா இரண்டாவது தவணையும் போட்டாயிற்றா? போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். முத்தடுப்பு ஊசிக்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வரலாம், தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் லேசாக வரலாம், அதனால் பயணத்துக்கும் ஊசிக்கும் நடுவில் இரண்டு வாரம் இடைவெளி இருக்கட்டும். அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, உங்கள் போனிலும் வீட்டுக்காரர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.